நல்லி எலும்பும் ஏழாம் வகுப்பும்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் தேயிலைக்குக் கவாத்து வெட்டும் மாதங்களில் எங்கள் பள்ளியில் கேள்விகள் கூடிவிடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டிவிடுவார்கள். அதுவரை இருட்டாகவே கிடந்த தரையில் வெயில் விழும். பாம்புச் சட்டை, முள்ளம்பன்றி முள், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு, கோழி இறகுக் குவியல், இவற்றோடு எலும்புகள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பள்ளிக்கு வரும் குறுக்குப் பாதை அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் போகிறது. காலை வழிபாடு முடிந்த பிறகு ஓடிவரும் பிள்ளைகளிடம் ஏன் லேட் என்று கேட்கவே வேண்டாம். முழங்காலில் மண்ணும் முகத்தில் செய்தியும் இருக்கும்.

நான் இங்கே நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது சமவெளி. அங்கே எலும்பு என்றால் நாய் கவ்விக்கொண்டு வருவது. தொட்டால் கை கால் கழுவிவிட்டு உள்ளே வா என்பார்கள், அதோடு பேச்சு முடிந்தது. இங்கே வந்த புதிதில் ஒரு பையன் தாடை எலும்பு ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டான்: “இது எப்ப செத்தது டீச்சர்?” நான் வாய் திறப்பதற்குள் அடுத்தது: “மீதி எங்க?”

பெரியவர்கள் எலும்பைப் பார்த்தால் “ஐயோ பாவம்” என்போம், அல்லது மூக்கைப் பொத்துவோம். பிள்ளைகள் கணக்குக் கேட்கிறார்கள். மீதி எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு காட்டையே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நாளில் வகுப்பறை ஜன்னல் திண்டு நிரம்பத் தொடங்கியது. அப்போதுதான் வனக்காப்பாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து பேசினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கின் எலும்பு, பல், நகம், கொம்பு எல்லாம் அரசாங்கத்துச் சொத்து. தானாகச் செத்த விலங்கு என்றாலும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது என்றார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து மடக்கினாள்: “மான் கொம்பு தானாத்தானே சார் விழுது? யாரும் கொல்லலையே.” அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “விழுந்த கொம்பா, கொன்னு எடுத்த கொம்பான்னு வாங்குறவன் பார்க்க மாட்டான் பாப்பா. விழுந்ததுக்கு ஒரு விலை வந்துட்டா, அப்புறம் விழுற வரைக்கும் எவன் காத்திருப்பான்?” சட்டத்தின் காரணத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜன்னல் திண்டில் இருந்ததையெல்லாம் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்.

பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. எடுத்து வரக் கூடாது என்றால் பார்ப்பதையும் விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. நடந்தது நேர்மாறு. எலும்பு கையில் இருந்தவரை அதைக் கொண்டுவந்து காட்டுவதோடு வேலை தீர்ந்துவிடும். இப்போது கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பார்த்ததை நோட்டில் வரைந்து, வகுப்பில் வந்து நம்ப வைக்க வேண்டும். நம்ப வைப்பது லேசில்லை. எதிரில் இருப்பவர்களும் நாளைக்கு அதே பாதையில் வரப்போகிறவர்கள்.

ஒரு மண்டை ஓட்டை இரண்டு பையன்கள் புலிக்குட்டி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கவாத்து வெட்டிய செடிக்கு அடியில் கிடந்தது, கீழ்த்தாடை இல்லை. வரைந்து வந்த படத்தில் மூக்குப் பக்கம் நீளமாக இருந்தது. பல்லும் பற்குழியும் சேர்த்து மேல்தாடையில் 19 இருப்பதாகக் குறித்திருந்தார்கள். பூனை இனம் என்றால், புலியானாலும் சிறுத்தையானாலும், வளர்ந்ததற்கு மேலே 16 பற்கள், நாய்க்கு 20. பத்தொன்பது இரண்டிலும் சேராது. உடனே வகுப்பு இரண்டு கட்சியானது. மறுநாள் ஒரு கூட்டமே போய்க் குச்சியால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தது. கோரைப்பல்லுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு குழி மண் அடைத்துக் கிடந்திருக்கிறது. இருபது. நாய்தான். சிறுத்தை தூக்கிக்கொண்டு போன நாய் என்பதும், எந்த லைனில் எந்த வீட்டு நாய் என்பதும் மத்தியானத்துக்குள் ஊர்ஜிதமாகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்தான். “எங்க மணியா?” என்று கேட்டுவிட்டு, படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். அழவில்லை. பல் எண்ணியதில் தப்பு இருக்கிறதா என்று அவனும் எண்ணினான்.

பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அவர்களுக்குக் காடு பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நாமாகவே ஒரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவது ஆசிரியர்களிடம் உள்ள பழக்கம். பல பேர் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மற்றவர்களுக்குப் புதிதாக இருப்பது அவர்களுக்கும் புதிதுதான். எங்கள் வகுப்பில் எலும்பு தெரிந்தவன் வேறொருவன். கறிக்கடைக்காரர் மகன்.

அவன் கடைசி பெஞ்ச். கடையில் அப்பாவுக்கு உதவிவிட்டு வருவதால் சட்டையில் வாடை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்காரத் தகராறு நடக்கும். ஒரு நாள் யாரோ வரைந்து வந்த நீளமான எலும்பை நான் கால் எலும்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: “முன்னங்காலா, பின்னங்காலா டீச்சர்?” வா, நீயே சொல் என்றேன். வந்தான். “இந்த முனையில உருண்டையா இருந்துச்சாடா? அப்ப தொடை. இடுப்புக் குழியில போய் உக்காருறது இதுதான். முன்னங்கால்னா மேல சப்பை எலும்பு, தட்டையா முறம் மாதிரி இருக்கும்.” பிறகு என்னைப் பார்த்து, “நடுவுல ஓட்டையா இருக்குமே டீச்சர், உறிஞ்சித் தின்போமே, நல்லி. அது ரெண்டு காலுக்கும் உண்டு” என்றான். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் எல்லோரும் உறிஞ்சியதுதான். பாடப் புத்தகம் எலும்பு மஜ்ஜை என்று சொல்லும் பொருள் தட்டில் வருவதை அன்றுதான் பாதிப் பேர் கண்டுகொண்டார்கள். ரத்த அணு எங்கே உற்பத்தியாகிறது என்று அதன் பிறகு யாரும் மறந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மான் கொம்பு விஷயமும் அந்த வருஷம்தான். ஓடைக்கரையில் கடமான் கொம்பு ஒன்று கிடப்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தோம். அடிப்பக்கம் முழுக்க வரிவரியாகச் சீவியிருந்தது. “யாரோ கத்தி வச்சுச் செதுக்கியிருக்காங்க” என்றான் ஒருவன். வரிகள் இரண்டிரண்டாக, ஒட்டி ஒட்டி ஓடின. ஒரு பெண், பையிலிருந்து கொய்யாக்காயை எடுத்து முன்பல்லால் சுரண்டி நீட்டினாள். அதிலும் இரண்டு வரி. கத்தி இல்லை, பல். அவ்வளவு அகலமான முன்பல் கொண்டு கொம்பைக் கொறிக்கிற ஆள் இங்கே முள்ளம்பன்றிதான். சுண்ணாம்புச் சத்துக்கும் பாஸ்பரசுக்குமாக எலும்பையும் கொம்பையும் தேடிக் கொறிக்கும். வளைக்குள்ளும் இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்கும். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பல்லுக்கும் அது ஒரு தேய்ப்பு. கடமான் ஆண்டுக்கு ஒருமுறை கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கிறது, அந்தக் கொம்பு முழுக்க எலும்பு. காட்டெருமையின் கொம்பு உதிராது. உள்ளே எலும்பு, மேலே நம் நகம் போன்ற பொருளால் ஆன உறை. இதையெல்லாம் அங்கேயே நின்று பேசி முடித்துவிட்டு வனக்காப்பாளருக்குப் போன் போட்டோம். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் வருகைப் பதிவு போட நான் தினமும் ஏறும் மேடு அது, அதனால் பழக்கம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டது ஏழாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒருத்தி. “இவ்வளவு ஆனை, மான், காட்டெருமை எல்லாம் இருக்கு. வருஷா வருஷம் சாகுமில்ல? அப்ப காடு முழுக்க எலும்பாத்தானே இருக்கணும்?”

இதற்கு ஒரு வாரம் ஆனது. தின்பவர்களைக் கரும்பலகையில் எழுதினோம்: சிறுத்தை, செந்நாய், காட்டுப்பன்றி, கீரி, எறும்பு, புழு, முள்ளம்பன்றி. சுண்ணாம்புச் சத்துக்காக மானே எலும்பைச் சப்பும், நத்தையும் அரிக்கும் என்றபோது நம்ப மறுத்தார்கள். பாறு கழுகுகளைப் பற்றிச் சொன்னேன். மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகின்றன. ஒரு கூட்டம் இறங்கினால் செத்த மாட்டில் எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அவற்றில் பெரும்பகுதியை அழித்தது. கால்நடைகளுக்கு அதைப் போடக் கூடாது என்று 2006இல் தடை வந்தது.

மீதி வேலையை மண் செய்கிறது. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அதன் அமிலநிலை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடிக்குச் சௌகரியம். அதே மண், அதன்மேல் தேவாலாப் பக்கம் கொட்டுகிற மழை, இரண்டும் சேர்ந்து எலும்பைக் கரைத்துவிடும். இதைக் காட்ட ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் போட்டு ஜாடியை மேசையில் வைத்தோம். வினிகர் இந்த மண்ணைவிடப் பல மடங்கு புளிப்பு, அதனால் சீக்கிரம் வேலை செய்யும். நாளுக்கு நாள் எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். கடைசியில் எலும்பு ரப்பர் குழாய் போல வளைந்தது. சுண்ணாம்பு போய்விட்டது, நார்ப் புரதம் மட்டும் மிச்சம். இன்னொரு எலும்பைச் சத்துணவு அடுப்பில் போட்டு எடுத்தோம். அதில் நார் எரிந்து சுண்ணாம்பு மிஞ்ச, விரலால் நசுக்கினாலே பொடிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது அந்தப் பெண்ணே சொன்னாள்: “அப்ப ரெண்டும் சேர்ந்தாத்தான் எலும்பா?”

எங்களுக்குள் சில கண்டிப்புகள் உண்டு. சதை ஒட்டியிருந்தால், ஈ மொய்த்தால், நாற்றம் வந்தால் கிட்டேயே போகக் கூடாது; திரும்பிப் பார்க்காமல் வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். சிறுத்தை அடித்துப் போட்டதைத் தின்ன மறுபடி வரும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த விலங்கிலிருந்து பரவும் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். செத்த குரங்கு என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும்: 2012–13 வாக்கில் பந்திப்பூர், முதுமலைப் பக்கம் குரங்குக் காய்ச்சல் வந்து குரங்குகள் செத்தன, உண்ணி வழியாக அது மனிதருக்கும் தொற்றும். வெளுத்துக் காய்ந்த எலும்பானாலும் குச்சிதான், கை கிடையாது.

ஒரு அம்மா இலை எடுக்கிற கூடையோடு நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். “எம்புள்ள நோட்டு பூரா எலும்பும் மண்டையுமா வரைஞ்சு வச்சிருக்கான் டீச்சர். சாமி படம் மாட்டியிருக்கிற செவுத்துல ஒட்டுறான். இது நல்லதுக்கா?” தீட்டு என்ற பயம் அதில் இருந்தது, அதைத் தள்ளிப் பேச எனக்கு மனமில்லை. படத்தை எடுத்துக் காட்டி அவரையே கேட்டேன், இது எந்த மாட்டுப் பல் தெரிகிறதா என்று. வாங்கிப் பார்த்தார். “மேல முன்பல்லே வரையலையே. ஆமா, மாட்டுக்கு மேல ஏது முன்பல்லு.” பிறகு கீழ்த்தாடையைத் தொட்டு, “எட்டுப் பல்லும் போட்டிருக்கு. கிழட்டு மாடாத்தான் இருக்கும், தேஞ்சிருக்கு பாருங்க” என்றார். அவர் அப்பா மாட்டுத் தரகராம். மகனுக்கு அன்றுவரை தெரியாது. படம் அப்புறம் வேறு சுவருக்குப் போனது.

எச்.எம். சார் வேறு மாதிரிக் கேட்டார்: “இதெல்லாம் எந்த யூனிட்ல வருது?” ஆறாம் வகுப்பு மனித உறுப்பு மண்டலங்கள், மண், அமிலம் காரம் என்று மூன்று இடம் காட்டினேன். சரி என்றார், ஆனால் ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று ஜாடி மேசையில் இருக்கக் கூடாது என்றார்.

காட்டு எலும்பு வைக்கக் கூடாதென்றால் வீட்டு எலும்பு வைக்கலாமே என்பது பிள்ளைகளின் வாதம். அதில் சட்டச் சிக்கல் இல்லை. பழைய அலமாரி ஒன்று காலி செய்தாகிவிட்டது. கறிக்கடைக்காரர் போன வாரம் முழு ஆட்டுத்தலை ஒன்றை மகன் கையில் கொடுத்தனுப்பினார், காசு வாங்கவில்லை. வேகவைத்துச் சதையை நீக்கினால்தான் மண்டை ஓடு கிடைக்கும். சத்துணவு அக்கா பாத்திரம் தர மாட்டேன் என்கிறார். முட்டை வேகிற குண்டாவில் தலையை வேகவிட்டால் நாளைக்கு எவன் முட்டை தின்பான் என்கிறார், அதுவும் நியாயம்தான். தலை இப்போதைக்கு ஐஸ்கிரீம் கடைக்காரர் பெட்டியில் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.