வேலப்பன் ஏறிய ஏழாயிரம் படி: ஸ்கைரிமில் 46 மணி நேரம்

ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் வெளியானது 2011 நவம்பரில். என் கைக்கு வந்தது இந்த மழைக்காலத்தில்தான். அக்கா மகன் புது லேப்டாப் வாங்கினான், பழையதை என் தலையில் கட்டினான். கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறையின் சிக்னலை நம்பி 12 ஜிபி இறக்கினால் அடுத்த அறுவடையே வந்துவிடும். அதனால் வத்தலக்குண்டில் அக்கா வீட்டிலேயே இறக்கி, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து மேலே கொண்டுவந்தேன். 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷன். படத்தின் தரத்தையெல்லாம் குறைத்து வைத்தால் ஓடுகிறது.

கதையில் இன்னும் கால்வாசிகூடத் தாண்டவில்லை. அப்பப்போ குறித்து வைத்ததிலிருந்து எழுதுகிறேன்.

முதல் 3 மணி நேரம்

பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நார்ட் எடுத்தேன். குளிர் மந்திரம் பாதிதான் உறைக்குமாம், மலைக்காரனுக்குப் பொருத்தம். எங்கள் கோயில் குழந்தை வேலப்பர் நினைவில் என் ஆளுக்குப் பேர் வேலப்பன். தமிழில் அடிக்க வழியில்லை, ஆங்கில எழுத்தில்தான். கையைக் கட்டி வண்டியில் கொண்டுபோவது, தலையை வெட்டப்போகும் நேரத்தில் டிராகன் வந்து இறங்குவது எல்லாம் எல்லோரும் சொல்லிச் சலித்த தொடக்கம். விடுங்கள்.

தப்பித்து வந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். உத்தரத்தில் பூண்டு தொங்கியது. தாளோடு பின்னிய சரம்! எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே விதைப்பூண்டு தொங்குகிற அதே தொங்கல். டிராகனைப் பார்த்து வராத பிரமிப்பு எனக்கு அங்கே வந்தது. கிட்டே போனால் பறித்துக்கொள்ளலாம். பறித்தேன். கடைக்காரனிடம் விற்கப் போனால் அடிமாட்டு விலை. வடுகபட்டி பூண்டுச் சந்தை வியாபாரிகளே தேவலை.

பச்சையாகத் தின்று பார்த்தால் அதன் முதல் குணம் தெரியவரும். விஷத்தைத் தாங்கும் சக்தியாம். அப்புறம் வைட்ரன் ஊர் மருந்துக் கடையில் பூண்டையும் உப்பையும் சேர்த்துக் கலக்கினேன். மந்திர சக்தியை வேகமாக ஊறவைக்கும் மருந்து வந்தது! பூண்டும் உப்பும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் ஊறுகாய்தான் வரும். அதே கடையில் அந்தச் சீசாவைப் பூண்டைப் போலப் பல மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். மதிப்புக் கூட்டி விற்கச் சொல்லி ஊருக்கு வந்து வகுப்பெடுப்பவர்கள் இதைக் காட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

8-ஆம் மணி

வைட்ரன் கோட்டைக்கு வெளியே ஒரு தோட்டம். முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ். நின்று பறித்தேன், யாரும் கேட்கவில்லை. பறித்ததைத் தோட்டக்காரனிடமே கொண்டுபோனால் எண்ணிப் பார்த்துக் காசு கொடுக்கிறான். அவன் தோட்டம், அவன் காய், அவன் காசு. முதலில் இது என்ன முட்டாள்தனம் என்று சிரித்தேன். யோசித்தால் அது பறிகூலிதானே. நேரத்துக்குக் கூலி கொடுக்கிற ஆள். போகும்போதெல்லாம் பறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

11-ஆம் மணி

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதையில் காட்டுமாடு நின்றால் நாம் நிற்க வேண்டும், அது போன பிறகுதான் நாம் போக வேண்டும். இங்கே மாமத் யானைக் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தப் புத்தி எனக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. பக்கத்தில் அவற்றை மேய்க்கும் ராட்சதன். ஒரே அடி. வேலப்பன் நேராக வானத்துக்குப் போனான். மேலேயிருந்து வைட்ரன் முழுக்கத் தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. இது புரோகிராமில் வந்த பிழையாம். சிரிப்பாக இருக்கிறதென்று செய்தவர்களே விட்டுவிட்டார்களாம். சரியாகத்தான் விட்டிருக்கிறார்கள்.

14 முதல் 17

மழையில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும் என்று நம்பினேன், இருபது நிமிடத்தில் அணைந்தது. திறந்தவெளியிலேயே சுற்றிக்கொண்டு நான் சேவ் செய்யாமல் இருந்ததால் இரண்டு மணி நேர விளையாட்டு போச்சு. முதல் டிராகனை இரண்டு தடவை கொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சுவாரசியம் இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த கேமில் சண்டை அவ்வளவு சிலாக்கியமில்லை. வாளை வீசினால் தலையணையில் அடித்த மாதிரிதான். குகைகளும் பத்துக்கு மேல் போனால் ஒன்றுபோலவே இருக்கின்றன.

20 முதல் 29 வரை

இதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஐவர்ஸ்டெட் என்று மலையடியில் ஒரு சிற்றூர். அங்கிருந்து ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு ஏழாயிரம் படி. ஏழாயிரம் என்பது பேச்சுக்கு. எண்ணிப் பார்த்தவர்கள் எழுநூற்றுச் சொச்சம்தான் என்கிறார்கள். நம் பழநிக்கு 693. கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிட்டது!

அடிவாரத்தில் கிளிமெக் என்று ஒருவர். மடத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் சுமப்பவர், இப்போது கால் முன்போல இல்லை, நீ கொண்டுபோகிறாயா என்று கேட்டார். மூட்டையில் கருவாடும் உப்புக்கண்டமும். மச்சக் காவடி எடுப்பவர்கள் உண்டு, கருவாட்டுக் காவடி எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வழியில் பத்து இடத்தில் கல்வெட்டு. ஒவ்வொன்றிலும் நின்று படித்தால் கடைசியில் ஒரு வரம் கிடைக்கும், ஒரு நாள் முழுக்க மிருகங்கள் தாக்காது, நம்மைக் கண்டு ஓடவும் செய்யாது. ஒரு கல்லின் முன்னால் ஒரு யாத்திரைக்காரர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பாதயாத்திரை போகும்போது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்த மாதிரி இருந்தது, அவரைத் தாண்டும்போது ஓடாமல் நடந்தே போனேன்.

பாதிக்கு மேல் பனிப்பூதம் ஒன்று நிற்கிறது. வெள்ளை மயிர், மூன்று கண், அடித்தாலும் உடம்பு தானே தேறிக்கொள்ளும். ஒன்பது தடவை செத்தேன். அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அதுக்கு நெருப்புன்னா ஆகாது. தீ மந்திரம் இருக்குல்ல?"

"அது கொஞ்ச நேரத்துல தீர்ந்துடுதுடா."

"அப்ப ஓடிடுங்க மாமா. எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க."

கோயில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்கு ஒப்பவில்லை. கீழே இறங்கி வந்து அடுப்பில் சூப் வைத்தேன். முட்டைகோஸ், லீக்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி. முதல் மூன்றும் எங்கள் மலையில் விளைவது. தக்காளிக்கு ஒட்டன்சத்திரம் போக வேண்டும். இந்தச் சூப் பெரிதாக எதையும் குணப்படுத்தாது. 720 நொடிக்கு, நொடிக்கு ஒரு புள்ளி உயிரும் ஒரு புள்ளி தெம்பும் தரும், அவ்வளவுதான். ஆனால் ஓங்கி அடிக்க முழுத் தெம்பு வேண்டியதில்லை, ஒரு புள்ளி மிச்சம் இருந்தாலே போதும். ஆக, சூப் உள்ளே இருக்கும்வரை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே இருக்கலாம். கோடாலியை எடுத்தேன். பூதம் தேறுவதற்குள் அடுத்த அடி. வேலப்பன் விறகு பிளப்பது போலப் பிளந்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா காபியோடு வந்தார். "மலையிலயே குந்திக்கிட்டு டிவியில வேற மலை ஏறுறியா? மேல என்ன சாமி?"

"சாமி இல்லம்மா. நாலு கிழவனுங்க. அதுல ஒருத்தர்தான் நம்மகிட்டப் பேசுவாரு. மத்தவங்க வாயைத் திறந்தா மலையே ஆடும்."

"உங்கப்பன் மாதிரி" என்றார் அம்மா.

மடத்து வாசல் பெட்டியில் மூட்டையை வைத்தேன். நன்றி சொல்ல யாரும் வரவில்லை. அதுவும் பிடித்திருந்தது.

30-க்கு மேல்

ஒரு குறை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பனிக்கட்டி மிதக்கிற ஆற்றில் வெற்றுடம்போடு நீந்தினாலும் வேலப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்கழி உறைபனியில் குழாயைத் திறந்து பார்த்தவன் எவனும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அப்புறம்தான் சர்வைவல் மோட் பற்றித் தெரிந்தது. 2021 நவம்பரிலிருந்து ஸ்பெஷல் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு அது இலவசம். அதைப் போட்டால் குளிர் ஏற ஏற உயிரின் உச்ச அளவே குறையும், பசித்தால் தெம்பும் தூக்கம் கெட்டால் மந்திரமும் குறையும். நினைத்த ஊருக்கு ஒரு நொடியில் போகும் வசதியும் கிடையாது. நடந்துதான் ஆக வேண்டும்.

இப்போதுதான் இது மலை. சூடான சூப் குளிருக்கும் உதவுகிறது. இருட்டுவதற்குள் சத்திரம் சேர வேண்டும் என்ற கணக்கு தானாக வந்துவிட்டது. ஆனாலும் செய்தவர்களுக்குக் குளிரை எண்ணாகத்தான் தெரிந்திருக்கிறது. விடிகாலையில் கேரட் கழுவும்போது முதலில் போவது விரல் நுனி. கயிற்று முடிச்சை அவிழ்க்க வராது, பல்லால் இழுப்போம். வேலப்பனுக்குக் குளிர் ஏறினால் பூட்டைத் திறப்பது கடினமாகிறது, ஆனால் கை நடுங்குவது கண்ணில் தெரிவதில்லை.

அக்கா மகன், "எல்லாரும் கடைசியில பதுங்கி வில்லு விடுறவனாத்தான் ஆவாங்க" என்று சொல்லியிருந்தான். இங்கே எதைச் செய்கிறோமோ அந்தத் திறமைதான் வளரும். என் கணக்கைப் பார்த்தால் மருந்து கலக்குவதும் பேரம் பேசுவதும் உச்சியில் நிற்கின்றன, வில் அடிமட்டத்தில்.

46-ஆம் மணி

கிழவர்கள் அடுத்த வேலை கொடுத்துவிட்டார்கள். வடக்கே சதுப்பு நிலத்தில் உஸ்டென்கிராவ் என்ற பழைய கல்லறையிலிருந்து ஒரு கொம்பு வாத்தியத்தை எடுத்து வர வேண்டும். வேலப்பன் ஐவர்ஸ்டெட் சத்திரத்தில் படுத்திருக்கிறான். கையில் நாலு சூப், ஒரு கம்பளித் தொப்பி, விற்காமல் வைத்திருக்கும் பூண்டுச் சரம். நாளைக்கு வடுகபட்டிக்கு லோடு போகிறது, விடிகாலையில் எழ வேண்டும். வெளியே காற்று பலமாக அடிக்கிறது, பல்பு இரண்டு தடவை மினுக்கியது. நானும் இரண்டு தடவை சேவ் செய்துவிட்டேன்.