வராந்தாவுக்குப் போன தோணி

கிராஃப்ட் சார் ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் 1975 எஸ்.எஸ்.எல்.சி. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவன், "யாருல இது, டிரில் மாஸ்டரா?" என்று கேட்டிருந்தான். அவன்மேல் வருத்தமில்லை. வாரத்துக்கு ஒரு பீரியடு. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். தக்ளியும் அட்டைப்பெட்டியும் சாக்பீஸ் அச்சுமாக ஓடிய பீரியடை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர்கூட, "ஹெட்மாஸ்டரப் பத்தி எழுதுங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். அவரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் நம் கிராஃப்ட் சாரை, ஓடாவி சாரைப் பற்றி எழுதுகிறேன்.

ஓடாவி சார் என்று பட்டம் வைத்தது நமக்கு முந்தைய செட்டு அண்ணன்மார். ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். கேலிக்காகத்தான் வைத்தார்கள். சாருடைய அப்பாவும் தாத்தாவும் தூத்துக்குடியில் தோணி கட்டியவர்கள். இவர் ஒருவர்தான் ஆசிரியப் பயிற்சி முடித்து, வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். பின்பெஞ்சிலிருந்து யாராவது "ஓடாவி" என்று முனகினால் அவர் முறைத்ததே இல்லை. பதிவேட்டில் இருந்த பெயரைவிட அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புவார்.

சரித்திர வகுப்பில் நாம் படித்த கடல் எப்போதும் வேறு யாருடையதோவாக இருந்தது. 1498 வாஸ்கோ ட காமா, 1588 ஸ்பானிய ஆர்மடா, 1805 டிரஃபால்கர். மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு துறைமுகம் இருந்தது. (அப்போது தூத்துக்குடி நெல்லையோடுதான், 1986-இல்தான் பிரித்தார்கள்.) அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை நிரப்பியவர் கிராஃப்ட் சார். பெரிய கப்பல்களால் அந்தக் கரையை நெருங்க முடியாது, ஆழம் போதாது என்பார். "கப்பல் வெளிய கெடக்கும்ல. தோணி போயி எறக்கிட்டு வரும், தோணி போயி ஏத்திட்டு வரும். தோணி இல்லைன்னா அங்க துறைமுகமே இல்ல."

திருச்செந்தூர் எக்ஸ்கர்ஷன் போனவர்களுக்கு நினைவிருக்கும். டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஏரல் வழியாக வண்டியைத் திருப்பி, நம்மைக் கொற்கையில் இறக்கினார். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம், கிரேக்க மாலுமிகளே குறித்துவைத்த ஊர் என்று பஸ்ஸில் பெரிதாகச் சொல்லியிருந்தார். இறங்கிப் பார்த்தால் வாழைத்தோட்டம், ஒரு குளம், ஒரு கிழட்டு வன்னி மரம். "கடலு எங்க சார்?" என்றான் ஒருவன். "போயிட்டுல" என்றார். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கடல் ஆறேழு கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. வரப்பில் நின்றபடி கையால் கிழக்கே காட்டிக் காட்டிச் சொன்னார். நமக்கு வெயில், எப்போது வண்டியை எடுப்பார்கள் என்றிருந்தது.

1972 செப்டம்பர். வ.உ.சி. நூற்றாண்டு. தபால் தலை வந்தது, ஊரெல்லாம் வளைவு வைத்தார்கள், நம் பள்ளியில் கண்காட்சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: 1906, பங்கு ஒன்று 25 ரூபாய், பிரான்சிலிருந்து காலியா, லாவோ என்று இரண்டு கப்பல், பிறகு ஜெயில், செக்கு. வகுப்புக்கு ஒரு காலியா என்று பிஸ்கட் டின்னிலும் சார்ட் அட்டையிலும் தயாராகிக்கொண்டிருந்தது. நானும் டின்னோடு போய் நின்றேன்.

"காலியாவ நீ பாத்திருக்கியால?"

"இல்ல சார்."

"நானும் பாக்கல. பாக்காததக் கட்டக் கூடாது. ஆயிரத்து முந்நூறு பேரு, நாலாயிரம் மூட்டைன்னு எல்லாரும் சொல்லுதான். அந்த மூட்டை எப்படி ஏறிச்சு? காலியாவுக்கும் தோணிதான் போயிருக்கணும். வா, தோணி கட்டுவோம்."

முழத்துக்கு அரை அங்குலம் என்று வைத்து, ஐம்பது முழத் தோணி ஒன்றை இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டினோம். படம் எதுவும் போடவில்லை. கிராஃப்ட் ரூம் தரையில் ஒரு நூலைக் கட்டிச் சுண்ணாம்பால் நாலு கோடு போட்டார், அவ்வளவுதான். முதலில் ஏரா, அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை. அதன் மேல் முன்பக்கம் அணியக் கட்டையும் பின்பக்கம் அமரக் கட்டையும். பிறகு வங்கு, தோணியின் விலா எலும்பு. நான் மூங்கில் சிம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு விளக்கில் காட்டி வளைத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். "வளைக்காத. வளைஞ்சதத் தேடு." கருவேலங்கிளையில் கவட்டை பிரியும் இடத்தில் இயற்கையாகவே ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் நரம்பு முறியாமல் ஓடும். ஆணி அடித்தால் பிளக்காது. நிஜத் தோணிக்கு ஓடாவிகள் மரத்தை நிற்கும்போதே பார்த்து, இந்தக் கொப்பு இந்த வங்குக்கு என்று முடிவு செய்துவிடுவார்களாம். சாயங்காலம் பெல் அடித்ததும் வாய்க்கால் கரையில் ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து நானும் கருவேல மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அலைந்தேன். கை முழுக்க முள். ஒரு வங்குக்குப் பொருந்தினால் அடுத்ததற்குப் பொருந்தாது. நடுவில் அகன்று இரண்டு நுனிக்கும் ஒடுங்கிப்போகும் வரிசைக்கு, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத கவட்டைகள் வேண்டும். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவிச் சீவிப் பக்கப் பலகை. இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றித் தண்ணீர் புகாதபடி அடைத்தோம், அதற்குக் கலப்பத்து என்று பேர். கடைசியாகத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பாட்டிலில் மீன் எண்ணெய் கொண்டுவந்து உள்ளும் புறமும் தடவினார். "இது தடவாம தோணி தண்ணியில எறங்காது."

அடியில் கூழாங்கல் அடுக்கியது ஒரு முழு மத்தியானம். பள்ளித் தொட்டியில் விட்டு, சாய்ந்தால் எடுத்து, ஒரு கல்லை இந்தப் பக்கம் மாற்றி மறுபடி விட வேண்டும். அடியில் பாரம் சரியாக விழுகிற வரைக்கும் பாயைக் கையில் தர மறுத்துவிட்டார்.

கண்காட்சி அன்று காலை மேசைகளைச் சுற்றிவந்தால், நம் வகுப்புப் பையன் ஒருவன் விக்டரியை வைத்திருந்தான். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் கப்பல். நெல்சனின் கொடிக்கப்பல், 104 பீரங்கி, மூன்று பாய்மரம், வலைபோலக் கயிறு. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. நானே அரைமணி நேரம் அங்கே நின்றேன்.

விருந்தினராக வந்த பெரிய மனிதர் நம் மேசைக்கு வந்தார். குனிந்தார். மூக்கைச் சுளித்தார். "என்னய்யா இது, கருவாட்டுக் கடையா?" என்றார். கூடவந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர்கள் சிரித்தார்கள். பையன்கள் ஒரு விநாடி சாரைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவைப் பார்த்துச் சிரித்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். "வாடை அடிக்குது, வெளிய வச்சிருங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சார் ஒன்றும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். "மெதுவா வால, அணியம் நெலையில முட்டிரும்" என்றார். வராந்தாவில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தோம். அன்று முழுக்கப் பையன்கள் அதன்மேல் கை கழுவினார்கள். சார் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் பரிசு விக்டரிக்கு. வெள்ளைக்காரன் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஜெயிலுக்குப் போனவரின் நூற்றாண்டு விழாவில் வெள்ளைக்காரன் போர்க்கப்பலுக்குப் பரிசு கொடுத்தது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கே சீமைக்கு வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடிகிற வரை என் பெயர் 'கருவாடு'. இந்த மலரை வாசிக்கும் சிலருக்கு என் பெயரைவிட அது சுலபமாக ஞாபகம் வரும்.

1974-இல் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் வந்தது. கப்பல் நேரே வந்து கட்டியது. தோணிக்கு இறக்கும் வேலை போயிற்று. கொழும்பு, மாலத்தீவு ஓட்டம் மட்டும் மிஞ்சியது, அப்புறம் பாய்க்குப் பதில் எஞ்சின். 2011-இல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரை வைத்தார்கள். நல்ல காரியம்.

நான் படித்து, அலைந்து, கடைசியில் இங்கிலாந்தில் ஃபிலிக்ஸ்டோவில் கண்டெய்னர் துறைமுகத்தில் உட்கார்ந்தேன். கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்று திட்டம் போடும் வேலை. கனமானது கீழே, லேசானது மேலே, இரண்டு பக்கமும் சமம். கூழாங்கல் வேலைதான், சம்பளம் பவுண்டில். தோணியையும் அதை ஓட்டும் தண்டலையும் வேலையில்லாமல் ஆக்கிய அதே பெட்டிகளை அடுக்கித்தான் வீட்டுக் கடனை அடைத்தேன் என்பதைச் சாருக்கு எழுதியதில்லை. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்.

மற்றதெல்லாம் எழுதினேன். கராஜில் மாடல் கப்பல் கட்டுகிறேன் என்று எழுதினேன். இங்கே கிடைக்கும் பெட்டியில் வங்குகள் லேசரில் வெட்டி, நம்பர் போட்டு வருகின்றன என்று எழுதியதற்கு, "அப்ப நீ என்னத்தக் கட்டுதே?" என்று ஒரே வரி பதில். ஹார்ட்டில்பூலில் டிரிங்கோமலி என்ற போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுதினேன். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பம் கட்டியது, முழுக்கத் தேக்கு, இன்னும் மிதக்கிறது. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கு அரிக்காது என்று அங்கே சொன்னதையும் எழுதினேன். 1812-இல் உத்தரவு ஆனதும் லண்டனிலிருந்து அனுப்பிய வரைபடம் வழியில் கப்பலோடு போயிற்று, அமெரிக்கர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து எரித்துவிட்டார்கள். மறுபடி படம் வந்து, ஏரா வைக்க 1816 ஆயிற்று. சார் எழுதிய பதில் இது: "தேக்கு சரி. படம் வரலைன்னு நாலு வருசம் சும்மா இருந்தானுவளா? எங்க அப்பாட்ட சொல்லியிருந்தா கட்டிக் குடுத்திருப்பாரே."

அதே கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருந்தார். பழைய தோணி ஒன்று கரையேறிக் கிடக்கிறது, உடைத்து விறகாக்குவதற்குள் நீ வந்தால் இரண்டு பேருமாக அளந்து படம் போட்டுவிடலாம். படமே போடாதவர் படம் கேட்டார். அடுத்த லீவில் தங்கச்சி மகள் கல்யாணம், அதற்கடுத்த லீவில் வீட்டுப் பத்திரம். பாளையங்கோட்டைக்குப் போனேன், மார்க்கெட்டில் அல்வா வாங்கினேன், மதுரையில் பிளைட் ஏறினேன். சார் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. அங்கேயே இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இங்கிருந்து அது முடியாத வேலையாக இருந்தது. இப்போது ஞாயிறுகளில் பின் மில் என்ற ஆற்றங்கரைச் சிற்றூர்ப் பக்கம் போய், தண்ணீர் இறங்கி வற்றம் வந்ததும் சேற்றில் உட்காரும் தேம்ஸ் பாய்மரப் பார்ஜ்களைப் பார்க்கிறேன். அவற்றுக்குச் சங்கம் இருக்கிறது, வருடாவருடம் பந்தயம் இருக்கிறது, ஒவ்வொன்றின் அளவும் ஏட்டில் இருக்கிறது. பொறாமையாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமில்லை.

சார் செய்தி வந்த அன்று ராத்திரி விக்டரிக்காரன் நியூஜெர்சியிலிருந்து போன் செய்தான். 'கருவாடு' என்றுதான் ஆரம்பித்தான்.

"ஏலே, ஒண்ணு சொல்லணும். அந்த விக்டரிக்குக் கயிறு யாரு கட்டுனான்னு தெரியுமா?"

"உங்க மாமாதான?"

"அவருக்கு எங்கல தெரியும்? பெட்டியில நூலு மட்டுந்தான் இருந்துச்சு. ஓடாவி சார்ட்ட கொண்டு போனேன். ரெண்டு நாளு லஞ்ச் பிரேக்ல உக்காந்து கட்டிக் குடுத்தாரு. பாத்துக்க, இது இழுத்தா பாய் கட்டுன பருமல் திரும்பும், இது இழுத்தா பாய் ஏறும்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாரு. இங்கிலீஷ்காரன் நல்லாத்தான் கட்டியிருக்கான்னு ஒரு வார்த்தை வேற."

"பரிசு வாங்கும்போது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லாதன்னாரு."

இருவரும் கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினோம், முட்டிவலி, மெடிகேர். வைப்பதற்கு முன், "அந்தத் தோணி எங்கல?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. நாம் வெளியேறிய வருஷம் கிராஃப்ட் ரூம் பரணில் இருந்தது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஸ்மார்ட் போர்டுக்குச் சங்கம் வசூல் செய்யும் புதுப் பிளாக் அந்த இடத்தில்தான் நிற்கிறது. என் பங்கையும் அனுப்பிவிட்டேன், பொருளாளர் ரசீது போடவும். ஊரில் இருக்கும் தம்பிமார் யாராவது பழைய சாமான் அறையிலோ, சார் வீட்டுப் பிள்ளைகளிடமோ விசாரித்துச் சொன்னால் உபகாரம். இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அணியத்தில் இடதுபக்கம் ஒரு பலகை நிறம் மாறியிருக்கும், வங்கு எதுவும் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. கிடைத்தால் அனுப்பும் செலவு என்னுடையது. கண்டெய்னரில் மட்டும் போட வேண்டாம், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.