சைகோ தோன் சன்னதியில் ஒரு காலை

கல்லறையைத் தொட்டு வணங்கிவிட்டுக் கையை எடுத்தேன். விரல்களில் சாம்பல் ஒட்டியிருந்தது. எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அதன் சாம்பல் தென் ஜப்பானின் ககோஷிமா நகரம் முழுக்கப் படியும். மாடிப்படி, கார் கண்ணாடி, கோயில் கூரை, கல்லறை எதையும் விடாது. கை தானாக நெற்றிக்குப் போய் அதை இட்டுக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் கணவரும் ஒன்றும் சொல்லாமல் தானும் இட்டுக்கொண்டார்.

சைகோ தகமோரி 1868-ல் ஷோகன்களின் பழைய ஆட்சியைக் கவிழ்த்தவர்களில் ஒருவர், பிறகு 1877-ல் அந்தப் புதிய அரசையே எதிர்த்துப் போரிட்டு மடிந்தவர். அவரைப் பற்றி நான் முதலில் அறிந்தது ஒகினோஎராபு தீவுச் சிறையின் வழியாகத்தான். 1862-ல் தம் சொந்த நாடான சத்சுமாவின் (இன்றைய ககோஷிமா) ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகி அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அந்தச் சிறைக்குச் சுவர் கிடையாது, நாற்புறமும் மரச்சட்டம்தான். மழையும் கடற்காற்றும் நேரே உள்ளே வரும். அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டும் தியானித்துக்கொண்டும் இருந்தார். உடம்பு உருகிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் தீவின் அதிகாரி ஒருவரே வீட்டுக்குள் ஓர் அறை கட்டி அவரை அங்கே மாற்றினார். 1864-ல் விடுதலையானபோது சரியாக நிற்கவும் முடியவில்லையாம். வாழ்க்கை என்னை நெருக்கிய ஒரு காலத்தில் இதைப் படித்தேன். அன்றிலிருந்து ஒருமுறையாவது போய்க் கும்பிட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டிருந்தேன்.

ஹகாதாவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். அவர் இறந்த நாள் 1877 செப்டம்பர் 24. நாங்கள் அதற்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் போனது சைகோவின் நன்ஷூ கோயிலுக்கு அல்ல, கெஷோ என்ற பௌத்தத் துறவியின் சமாதிக்கு. 1858 குளிர்காலத்தில் ஷோகனின் அரசாங்கம் கெஷோவைத் தேடியது. காப்பாற்ற வழியே இல்லை என்றானதும் சைகோ அவரோடு சேர்ந்து கடலில் விழுந்தார். துறவி போய்விட்டார், சைகோ மட்டும் பிழைத்தார். இந்த உயிர் எதற்காகவோ வானம் திருப்பிக் கொடுத்தது என்ற எண்ணம் அதற்குப் பிறகு அவரை விட்டு அகலவேயில்லை. 'வானத்தை வணங்கு, மனிதரை நேசி' என்ற பொருள்படும் நான்கு எழுத்துகளைத்தான் அவர் திரும்பத் திரும்பத் தூரிகையால் எழுதினார். ஷிரோயாமா குன்றில் அவர் கடைசி ஐந்து நாள் தங்கியிருந்த குகைக்கு அருகே ஒரு ரயில் சுரங்கம் இருக்கிறது. அதன் முகப்பிலும் அதே நான்கு எழுத்துகள் பதித்திருக்கிறார்கள். ரயில் அதன் அடியில் புகுந்து போவதைப் பார்த்தபோது எனக்குக் கோபுர வாசலைத் தாண்டுகிற உணர்வு வந்தது.

குகை மிகச் சிறியது. உள்ளே போக முடியாதபடி இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள். இறந்த அன்று விடிகாலை அவரும் மீதமிருந்தவர்களும் இங்கிருந்துதான் இறங்கினார்கள். 13,000 பேரோடு புறப்பட்ட படையில் அப்போது நானூறு பேர்கூட மிச்சமில்லை. சற்று தூரத்திலேயே இடுப்பிலும் தொடையிலும் குண்டு பாய்ந்தது. "ஷின் தோன், இங்கேயே போதும்" என்று உடனிருந்த பெப்பு ஷின்சுகேயிடம் சொன்னார் என்கிறார்கள். அவர் உயிர் விட்ட அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நடந்து பார்த்தால் குகையிலிருந்து சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களை நாங்கள் பேசாமல் நடந்தோம்.

நகரின் நடுவே அவருக்கு ஒரு சிலை நிற்கிறது, முழு ராணுவச் சீருடையில். 1937-ல் வைத்தது. டோக்கியோ உவேனோ பூங்காவில் 1898-ல் வைத்த சிலையோ சாதாரண உடையில், நாயைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கும். சீருடைச் சிலையின் முன்னால்தான் எனக்கு மனம் கனத்தது. கீழ்த்தட்டுச் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சாமுராய்களுக்குச் சோறு போட்ட குறுநில அரசுகளை 1871-ல் கலைத்ததில் முன்னின்றவரும் அவர்தான். குடியானவன் மகனையும் சிப்பாயாக்கும் கட்டாயப் படைச் சட்டம் 1873-ல் வந்தபோது ஆட்சியை நடத்திக்கொண்டிருந்தவர்களில் முதன்மையானவரும் அவரே. புதிய படையின் முதல் ஜெனரல். கொரியாவுக்குத் தூது அனுப்பும் விவகாரத்தில் கருத்து வேறுபட்டு அதே ஆண்டு பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 1876-ல் வாள் ஏந்தத் தடை வந்தது, சாமுராய்களின் மானியமும் நின்றது. அவர் நடத்திய பள்ளியின் இளைஞர்கள் ஆயுதக் கிடங்கில் கைவைத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பனியில் அவர்களோடு புறப்பட்டுவிட்டார். குமமோதோ கோட்டையில் அவர்களைத் தடுத்து நிறுத்தியவர்கள் அந்தக் குடியானவர் வீட்டுச் சிப்பாய்கள்தான். தபருசாகா மேட்டில் மட்டும் சண்டை பதினேழு நாள் நடந்தது. அரசுப் படையில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஓயாமா இவாவோவும் இருந்தார். இரு தரப்பிலும் சேர்த்து 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அந்தச் சாவுகளில் அவருக்கும் பங்குண்டு. அதை மறந்துவிட்டு அவரைக் கும்பிட எனக்கு மனம் வராது. மறக்காமல் கும்பிடத்தான் வந்தேன்.

பள்ளி இருந்த இடத்தின் கல்மதிலில் குண்டு துளைத்த குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு குழியில் என் சுண்டுவிரல் முழுதாக நுழைந்தது.

மறுநாள் காலை நன்ஷூ கோயில். நன்ஷூ என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். படிக்கட்டுக்கு அருகே ஒரு கல்விளக்கு நிற்கிறது. 1868-ல் ஷோகனின் தலைநகரான எதோவைத் தாக்க நாள் குறித்த பிறகும், ஷோகன் தரப்பின் கத்சு கைஷூவோடு உட்கார்ந்து பேசிப் போரில்லாமல் கோட்டையைப் பெற்றுக்கொண்டார் சைகோ. பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர் தீயிலிருந்து தப்பியது. அந்த எதோதான் இன்றைய டோக்கியோ. அந்த நன்றிக்காக டோக்கியோ நகரம் நிறுவிய விளக்கு இது.

கை, வாய் கழுவிக்கொண்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கினோம். இங்கே வழிபாட்டு இடம் அமைந்தது 1880-ல். அப்போது அரசாங்கத்தின் கணக்கில் அவர் துரோகி. மன்னிப்பும் பட்டமும் 1889-ல்தான் வந்தன. 1922-ல்தான் முறையான கோயில் என்று ஏற்றார்கள். ஊர் மக்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அவர் இறந்த அதே செப்டம்பரில் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகே வந்து செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அதைச் 'சைகோ நட்சத்திரம்' என்று காட்டிக் கும்பிட்ட ஜனங்கள் அவர்கள்.

கோயிலை ஒட்டியே கல்லறைத் தோட்டம். 749 நடுகற்கள், அவற்றின் கீழ் 2,023 பேர். நடுவில் சைகோ, இரு பக்கமும் தளபதிகள் கிரினோ தொஷியாகியும் ஷினோஹரா குனிமொதோவும். எல்லாரும் எரிமலையைப் பார்த்தபடி. உடன்பிறந்த தம்பி கோஹெய்யும் இங்கேதான் இருக்கிறார். பதினான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒரு பாட்டி வாளியும் மர அகப்பையுமாகக் கல் கல்லாகச் சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைக்கும்போது குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமை அந்தக் கையில் இருந்தது. என் அரைகுறை ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னேன். அகப்பையை என்னிடமே நீட்டிவிட்டார்.

"செகோ தோனுக்கு எல்லாரும் பூ வைக்கிறாங்க. ஓரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா."

ககோஷிமாக்காரர்கள் வாயில் சைகோ, 'செகோ தோன்'தான். நம் ஊரில் 'எங்க ஐயா' என்று சொல்கிற உரிமை அந்தத் தோனில் இருக்கிறது.

பாட்டி கைகாட்டிய பக்கம் ஷோனாய் நாட்டு இளைஞர்கள் இருவரின் கல்லறைகள். வடக்கே வெகுதூரத்து ஊர். 1868 போரில் சைகோ தரப்பிடம் தோற்ற ஊர். பழி வாங்காமல் மரியாதையோடு நடத்தியதால் பகைவர்களே தங்கள் பிள்ளைகளை அவரிடம் படிக்க அனுப்பினார்கள். போர் வந்தபோது ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னாராம். இருவரும் போகவில்லை. ஒருவருக்கு வயது இருபது, மற்றவருக்குப் பதினெட்டு.

வாளியில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. கணவர் வாளியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கற்களின் தலையிலும் மாறி மாறி ஊற்றினேன். சாம்பல் கரைந்து ஓடி, எழுத்துகள் கறுப்பாகத் தெரியும்வரை ஊற்றினேன்.