பதிலுக்குக் கீழே ஒரு 'ஏன்': எஸ்.பி.எம். வேதியியலுக்குப் பிள்ளைகளை நான் சோதிக்கும் விதம்

லிட்டருக்கு 0.1 மோல் அடர்வுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி இருக்கிறது. அதை நடுநிலையாக்க, அதே 0.1 மோல் அடர்வுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவ்வளவு வேண்டும்? 25 மில்லி. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சரி, ஹைட்ரோகுளோரிக்குப் பதிலாக அதே அடர்வில் எத்தனோயிக் அமிலம் எடுத்தால்?

வகுப்பு இங்கேதான் இரண்டாகப் பிரியும். "அது வீக் ஆசிட்தானே அக்கா, நிறைய ஊத்தணும்" என்று ஒரு பக்கம். "அதே 25தான்" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் சொன்னதுதான் சரி. ஆனால் அவர்களிடம் "ஏன்?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். சிலர் "முன்னாடி 25 வந்துச்சு, அதான்" என்பார்கள். அவர்களைப் பிடிக்க அடுத்த கேள்வியைக் கையில் வைத்திருப்பேன்: அதே அடர்வில் சல்பியூரிக் அமிலம் என்றால்? அதற்கும் 25 என்று எழுதுகிற பிள்ளைக்கு முந்தைய விடையும் தெரிந்து வந்ததல்ல. சல்பியூரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும், ஆகவே 12.5 மில்லி போதும். எத்தனோயிக் அமிலம் முதலில் கொஞ்சம்தான் அயனியாகும்; அந்த அயனியைக் காரம் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, மிச்ச மூலக்கூறுகளும் அயனியாகிக்கொண்டே வரும். கடைசியில் மொத்தக் கணக்கு ஒன்றுதான். 'வீரியம் குறைந்தது' வேறு, 'நீர்த்தது' வேறு என்ற வித்தியாசம் புரிந்ததா இல்லையா என்று இந்த மூன்று கேள்வியும் சேர்ந்து காட்டிவிடும். ஒரு கேள்வி மட்டும் கேட்டால் காட்டாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் 5 முடிவில் அவர்கள் எழுதும் தேசியத் தேர்வுதான் எஸ்.பி.எம். சிலர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வருவார்கள், சிலர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலிருந்து நடந்தே வருவார்கள். ஈப்போ வரை போய் டியூஷன் படிக்க எல்லார் வீட்டிலும் வசதிப்படாது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஊர்களில் தனியாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைச் சோதித்துப் பார்க்க நினைக்கிற அண்ணன் அக்காமாருக்கும்.

முதல் தாள் மதிப்பெண்ணை நம்பி உட்காராதீர்கள். அதில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். புத்தகத்தையே திறக்காத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தெம்பாக் (குருட்டு யூகம்) அடித்தாலும் சராசரியாக 10 சரியாக விழும். பாதி தெரிந்து, தவறான இரண்டை நீக்கிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைத் தட்டுகிற பிள்ளைக்கு இன்னும் நிறைய விழும். 'நான் 26 எடுத்தேன்' என்று சந்தோஷமாக வருகிற பிள்ளைக்கு உண்மையில் எத்தனை தெரியும் என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டாம் தாளில் கை ஓடாமல் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இதற்கு ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ட்ரகஸ்ட் என்ற கல்வி ஆய்வாளர் 1988-இல் இரண்டடுக்குச் சோதனைகளைப் பற்றி விரிவாக எழுதினார். முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அந்த விடைக்கான காரணம். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். நான்கு விடை, நான்கு காரணம் என்று வைத்தால் குருட்டாம்போக்கில் இரண்டும் சரியாக அமையும் வாய்ப்பு 16-இல் 1. நாற்பது கேள்வியில் இரண்டோ மூன்றோதான் அப்படித் தேறும்.

இதில் முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. தவறான காரணங்களை நாமே கற்பனையில் எழுதக்கூடாது. பிள்ளைகள் உண்மையில் எழுதிய தவறுகளையே எடுத்துப் போட வேண்டும். நான் செய்வது இதுதான்: பழைய திரையல் (எஸ்.பி.எம்.-க்கு முந்தைய மாதிரித் தேர்வு) தாளிலிருந்து ஒரு பல்தேர்வு வினாவை எடுத்து, முதல் வாரம் 'காரணம் எழுது' என்று ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் எழுதியதிலிருந்து நன்றாக ஏமாற்றக்கூடிய மூன்று காரணங்களைப் பொறுக்கி, அடுத்த குழுவுக்கு அவற்றையே தேர்வுகளாக வைப்பேன். பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம்: 'உறுதி', 'சந்தேகம்', 'தெம்பாக்'. தெம்பாக் என்று ஒப்புக்கொண்ட பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவன் படித்துக்கொள்வான். 'உறுதி' என்று போட்டுவிட்டுத் தவறாக எழுதிய கேள்விகளைத்தான் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவேன். தனக்குத் தெரியும் என்று நினைப்பதை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

அப்படி அதிகம் வட்டம் விழுகிற இடம் வேதிப்பிணைப்பு. தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்' என்ற பதில் கட்டாயம் வரும். நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் ஆஸ்பார்ன், கோஸ்குரோவ் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்விலும் மாணவர்கள் இதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது தண்ணீர் மூலக்கூறுதான். கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுக்குறைந்த ஈர்ப்பு. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு அப்படியே இருக்கும். இது பிடிபடாத பிள்ளை, நாஃப்தலீன் ஏன் குறைந்த வெப்பத்தில் உருகுகிறது என்ற கேள்விக்கு 'சகப்பிணைப்பு வலுக்குறைந்தது' என்று எழுதும், மதிப்பெண் போய்விடும். திட உப்பு ஏன் மின்சாரத்தைக் கடத்தாது என்பதும் இதே வகைதான். 'எலக்ட்ரான் இல்லை' என்று எழுதுவார்கள். அயனிகள் இருந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பதுதான் காரணம். உருக்கினால் நகரும், கடத்தும்.

இப்போது பால்மரத்துக்கு வருகிறேன். படிவம் 5-இல் பாலிமர் பாடத்தில் இயற்கை ரப்பர் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பாடத்தைச் சோதிப்பது எனக்குப் பிடித்தமான வேலை. ஏனென்றால் விடை அவர்களிடம் ஏற்கனவே இருக்கும். "ஆசிட் ஊத்தினா பால் கட்டும், பாட்டி ஸ்டோர்ல பார்த்திருக்காங்க" என்று ஒரு பையன் சொல்வான். பாலைக் கட்டாமல் வைத்திருக்க அம்மோனியா ஊற்றுவார்கள் என்பதும், மறுநாள் வரை எடுக்காமல் விட்டால் கோப்பையிலேயே கட்டிப்போகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பட்டணத்துப் பள்ளியில் படித்தவனுக்கு இதெல்லாம் படத்தில் பார்த்தது மட்டும்தான். ஆனால் தேர்வுத் தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் திட்டம். 'ஆசிட் ஊற்றினால் கட்டும்' என்பது நடப்பதைச் சொல்வது. தாள் கேட்பது ஏன் என்று.

அந்த ஏனைப் படிப்படியாகச் சொல்ல வைப்பேன். பாலில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளையும் ஒரு புரதச் சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வின் மேல் எதிர்மின்சுமை. ஒரே வகை மின்சுமை என்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும், அதனால்தான் பால் நீர்மமாக இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்சுமையைச் சமன்செய்துவிடும். விலக்கு இல்லாமல் போனதும் துகள்கள் மோதும், சவ்வு உடையும், உள்ளே இருக்கும் ரப்பர் பாலிமர்கள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதில் எந்தப் படியை விட்டாலும் ஒரு மதிப்பெண் குறையலாம். பெரும்பாலும் விடுவது 'துகள்கள் மோதும்' என்ற படியை.

இதைச் சொல்லிமுடித்த பிள்ளையிடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேட்பேன். யாரும் அமிலம் ஊற்றாமலே மறுநாள் ஏன் கட்டியது? அம்மோனியா ஊற்றினால் ஏன் கட்டவில்லை? முதலாவதற்கு, பாலில் பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்கியது. அமிலம் மெதுவாகச் சேர்ந்ததால் கட்டவும் நேரம் பிடித்தது. இரண்டாவதற்கு, அம்மோனியா கரைசலின் ஹைட்ராக்சைடு அயனிகள் அந்த அமிலத்தை நடுநிலையாக்கிவிட்டன, சவ்வின் எதிர்மின்சுமை அப்படியே இருந்தது. மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே நின்றுவிடும். புரிந்த பிள்ளை படியை ஒன்றொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பதிலைக் கண்டுபிடிக்கும். எனக்குச் சோதனை என்றால் இந்த இடம்தான்.

காரணத்தை முதலில் தமிழில் வாயால் சொல்லச் சொல்வேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அப்போதுதான் கூச்சமில்லாமல் பேச்சு வரும், எங்கே அறுந்துபோகிறது என்று எனக்கும் கேட்கும். அப்புறம் அதையே மலாயில் எழுத வேண்டும். எழுத்தில் மட்டும் கறாராக இருப்பேன். வினைவேகம் பாடத்தில் 'மோதல் கூடும்' என்ற பொருளில் எழுதினால் போதாது. 'ஃபிரெகுவென்சி பெர்லங்காரான் பெர்கெசான்' கூடுகிறது என்று முழுதாக எழுத வேண்டும். பயன்தரும் மோதல் ஒரு நொடிக்கு எத்தனை நடக்கிறது என்பதுதான் விஷயம். வெறும் மோதலால் வினை நடப்பதில்லை.

மோல் கணக்கில் சோதிக்க எனக்கு ஒரே கேள்வி போதும். 2.4 கிராம் மக்னீசியத்தை, லிட்டருக்கு 1 மோல் அடர்வுள்ள 100 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அறை நிலையில் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வரும்? மக்னீசியம் 0.1 மோல், அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர், ஆகவே 24-ஆல் பெருக்கி 2.4 லிட்டர் என்று வேகமாக எழுதிவிட்டு நிமிர்வார்கள். அமிலம் போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. 0.1 மோல் மக்னீசியத்துக்கு 0.2 மோல் அமிலம் வேண்டும், இருப்பதோ 0.1 மோல். வருவது 1.2 லிட்டர்தான். சமன்பாட்டை எழுதாமல் கணக்குக்குப் பாய்கிற பழக்கத்தை இந்த ஒரு கேள்வி நிறுத்தும். இடையில் ஒன்று: அக்கா அண்ணன் விட்டுப்போன பழைய பாடத்திட்டப் புத்தகங்களில் திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர் என்று இருக்கும், புதிய பாடநூலில் 22.7. தாளில் எந்த மதிப்பு தரப்பட்டிருக்கிறதோ அதையே போடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

வெப்ப வேதியியலுக்கு: 50 மில்லி அமிலமும் 50 மில்லி காரமும் கலந்தபோது வெப்பநிலை ஏறத்தாழ 6.8 பாகை உயர்ந்தது, அதே அடர்வில் இரண்டையும் 100 மில்லி எடுத்தால்? இரட்டிப்பாகும் என்பார்கள். வெப்பம் இரட்டிப்பாகும், சூடேற வேண்டிய கரைசலும் இரட்டிப்பாகும், ஆகவே உயர்வு அதேதான். துருப்பிடித்தலுக்கு உங்கள் வீட்டுத் தகரக் கூரையையே கேளுங்கள்: துத்தநாகப் பூச்சு கீறி உள்ளே இருக்கும் இரும்பு தெரிந்தாலும் ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை, வெள்ளீயம் பூசிய டின்னில் கீறல் விழுந்தால் ஏன் சீக்கிரம் பிடிக்கிறது? எது எலக்ட்ரானை எளிதில் விடுகிறது என்று சொல்லிவிட்டால் மின்வேதியியலின் பாதி கைக்கு வந்துவிட்டது. உப்புகளின் நிறம், வீழ்படிவு பட்டியல் எல்லாம் மனப்பாடம்தான். அதில் 'ஏன்?' என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன். அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வேதியியல் தெரிந்தவர் யாரும் இல்லையென்றாலும் இந்தச் சோதனையை நடத்தலாம். மாநிலத் திரையல் தாள்கள் மதிப்பெண் திட்டத்தோடு கிடைக்கின்றன. பிள்ளை காரணத்தைச் சொல்லும்போது அம்மாவோ அண்ணனோ அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'அப்புறம்?' என்று கேட்டால் போதும். திட்டத்தில் நான்கு வரி இருந்து பிள்ளை இரண்டில் நின்றால் மீதி எங்கே என்று அதற்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் தாளுக்கு இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். 'ஏ' பிரிவுக்கு 60, 'பி' பிரிவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 20, 'சி' பிரிவு கட்டாயம், அதற்கு 20. 'பி' பிரிவில் எதை எடுப்பது என்று முதல் உட்கேள்வியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் கேள்வி எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும். கடைசி உட்கேள்வி இரண்டையும் படித்து, எதற்குக் காரணம் சொல்ல வருகிறதோ அதை எடுங்கள்.

மூன்றாம் தாள் செய்முறை. அதற்கு மட்டும் வீட்டுச் சோதனை உதவாது, பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். குழுவில் எப்போதும் குறிப்பு எழுதுகிற ஆளாகவே இருக்கும் பிள்ளைகள், திரையலுக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லி ஒருமுறையாவது தனியாக டைட்ரேஷன் செய்துவிடுங்கள். பியூரெட் அளவை இரண்டு தசம இடங்களோடு எழுதுங்கள், 24 என்று எழுதாமல் 24.00 என்று. அட்டவணையின் தலைப்பிலேயே அலகைப் போட்டுவிடுங்கள்.