எத்தனை தலையணை?

பூம்பாறையிலிருந்து வந்திருந்தார். பூண்டு விவசாயி, வயது 44. படிப்படியான வயலில் மூட்டையோடு ஏறி இறங்குகிற மனுஷன், மூன்று மாதமாக வீட்டு வாசற்படிக்கே நின்று நின்று ஏறுகிறார். "பனிக்காலம், நெஞ்சுச்சளிதான் தம்பி" என்று அவர் மனைவி முடிவாகச் சொன்னார். வேறோர் இடத்தில் வீசிங் என்று இரண்டு முறை நெபுலைசர் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

கொடைக்கானல் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் பதினோரு வருடமாக லேப் டெக்னீஷியன் நான். இங்கே மூச்சு வாங்கினால் முதலில் மலையைச் சொல்வார்கள், அப்புறம் குளிரை, அப்புறம் பீடியை. இதயத்தின் முறை வருவதற்குள் ரொம்ப நாள் போய்விடும்.

கையில் பட்டி கட்டும்போது, ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டேன். "படுத்தா அமுக்குது தம்பி. ரெண்டு தலகாணிய வச்சு செவுத்துல சாஞ்சே கெடக்கேன்" என்றார். சாக்ஸைக் கழற்றிய பிறகும் கணுக்காலில் அதன் பட்டை பதிந்த பள்ளம் மறையவில்லை. டாக்டர் எழுதியிருந்தது என்டி-புரோபிஎன்பி, இதயம் திணறுகிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற சோதனை. ஊதா மூடி டியூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, கார்டில் சொட்டு விட்டு, ரீடரில் வைத்துக் காத்திருந்தேன். 6,200 என்று வந்தது. 300க்குக் கீழே என்றால் திடீர் இதயச் செயலிழப்பு அநேகமாக இல்லை எனலாம். 50 வயதுக்குள் இருப்பவருக்கு 450ஐத் தாண்டினாலே சந்தேகம் பலமாகிவிடும்.

இதயத்தின் கீழறைச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது தசைச் செல்கள் ஒரு புரதத்தை விடுகின்றன. அது இரண்டு துண்டாகிறது. பிஎன்பி என்ற துண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். மற்ற துண்டுதான் என்டி-புரோபிஎன்பி. அதற்கு அப்படி வேலை எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால் அளக்க வசதி. 1988ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதலில் பன்றியின் மூளையில் பிஎன்பியைக் கண்டதால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது, முதல் 'பி' பிரெயின்தான். திணறுகிற தசை, சுமையைக் குறைக்கச் சொல்லித் தானே ஆள் அனுப்புகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். எஸ்டேட்டிலிருந்து வந்த, நல்ல பருமனான ஓர் அக்கா. ரிசல்ட் 260. டாக்டர் வார்டில் இருந்தார். "நார்மல்தாங்க்கா, பயப்படாதீங்க" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் டாக்டரைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். ஒன்பதாம் நாள் இரண்டு காலும் வீங்கி, படுக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். பருமன் உள்ளவர்களுக்கு நோய் இருந்தும் இந்த அளவு குறைவாக வரலாம். சிறுநீரகம் கெட்டிருந்தாலோ துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ கூடுதலாக வரும். படித்ததுதான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சீட்டில் எடையையும், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதையும் எழுதித்தான் டாக்டரிடம் கொடுக்கிறேன்.

பூண்டுக்காரருக்கு மதுரையில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்ததில் இதயம் பெருத்து, தசை தளர்ந்திருந்தது. சாக்குபிட்ரில் என்ற மருந்து கலந்த மாத்திரை தொடங்கினார்கள். அது பிஎன்பியை உடைக்கிற நொதியைத் தடுப்பதால் பிஎன்பி அளவு ஏறிக் காட்டும். இவருக்கு என்டி-புரோபிஎன்பி மட்டும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஃபைலில் சிவப்பு மையில் எழுதினார். நாலு மாதத்தில் 1,400க்கு இறங்கியது.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோதுதான், 38 வயதில் சந்தையில் சரிந்து விழுந்து இறந்த தம்பியைப் பற்றிச் சொன்னார். இதயத் தசையில் இருக்கும் மையோசின் பைண்டிங் புரோட்டீன்-சி என்ற புரதத்தின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் 100க்குச் சுமார் 4 பேரிடம் உண்டு என்று 2009ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். அது இருக்கிற எல்லாருக்கும் இதயத் தசை நோய் வருவதில்லை. பலருக்கு நடுவயதில்தான் தலைகாட்டும். இவர் குடும்பத்தில் இருப்பது அதுதானா என்று இங்கே பார்க்க வழியில்லை. பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்துவிடச் சொன்னார் டாக்டர்.

போன வாரம் மகனைக் கூட்டி வந்தார். 19 வயது. மூச்சு வாங்குதா என்றேன். இல்லை என்றான்.

"எத்தனை தலகாணி?"

"ஒண்ணுண்ணே. அதையும் தூக்கத்துல உதச்சுத் தள்ளிடுவேன்."

சீட்டில் ஒன்று என்று எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.