எல்லா நாளும் 37.0

பதிவேட்டில் மாதம் முழுக்க 37.0, 37.0, 37.0 என்றே இருந்தது. பாதிக்கு மேல் என் கையெழுத்து. காலையில் கருவளர்ப்பு (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நுண்ணோக்கியின் சூடேற்றும் மேடையில் தெரியும் வெப்பநிலையைப் பார்ப்பேன், எழுதுவேன், ஒப்பமிடுவேன். தரக் கட்டுப்பாட்டு வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு வேறு.

அந்த நாட்களில், இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்த முட்டைகளில் சரியாகக் கருவுறுபவை மெல்லக் குறைந்துகொண்டிருந்தன. ஒரேயடியாக விழுந்திருந்தால் அன்றே பதறியிருப்போம். 2017-இல் வெளியான வியன்னா கருத்தொருமிப்பு அறிக்கை (இத்தகைய ஆய்வகங்களுக்கு வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோல்), இக்சியில் கருவுறும் விகிதத்துக்குக் குறைந்தபட்சம் 65 விழுக்காடு, எட்ட வேண்டிய இலக்கு 80 விழுக்காடு என்கிறது. நாங்கள் 65-க்கு மேலேதான் இருந்தோம். அந்தத் தெம்பில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் வாரவாரியாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன். மேலும் கீழுமாகத் துள்ள வேண்டிய புள்ளிகள் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன.

முதலில் வளர்ப்பு ஊடகத்தை, அதாவது முட்டையும் கருவும் இருக்கும் திரவத்தை, சந்தேகப்பட்டோம். (எது நடந்தாலும் முதல் பழி ஊடகத்தின் தலையில், அடுத்தது புதிதாகச் சேர்ந்தவர் தலையில்.) தொகுதி எண்களைப் புரட்டினால், புதிய தொகுதி வருவதற்கு முன்பே சரிவு தொடங்கியிருந்தது. இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடைத் தனிக் கருவியால் அளந்தோம், குறையில்லை. ஊடகத்தின் பிஎச் 7.3. அதிலும் குறையில்லை.

பிறகு மூத்தவர் ஒருவர், வெப்பம் அளக்கும் முடி போன்ற தெர்மோகப்பிள் கம்பியை எடுத்து, மேடைமேல் இருந்த கிண்ணத்தில் எண்ணெய்க்கு அடியில் இருந்த ஊடகத் துளிக்குள்ளேயே இறக்கினார். மேடையின் திரையில் 37.0. துளிக்குள் 35.9.

பிளாஸ்டிக் கிண்ணம் விளிம்பில்தான் நிற்கிறது. நடுவில் மெல்லிய காற்றிடைவெளி. கொஞ்சம் சூடு அங்கேயே போய்விடும். அதற்கு மேல் மேடையின் உணரியும் மெல்லப் பிசகியிருந்தது. அதை ஓராண்டுக்கு மேலாக யாரும் வேறொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. யாரும் என்றால் நானும்தான்.

முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிடித்து நிறுத்தும் நுண்ணிழைகள் குளிர்ச்சி தாங்காதவை. கலைந்துவிட்டால், திரும்பச் சூடேற்றினாலும் பழையபடி கூடும் என்ற உறுதி இல்லை. அந்த ஒரு டிகிரிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மேடையைச் சரிசெய்த பின் புள்ளிகள் ஏறின. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது துளி 37-இல் நிற்பதற்காக மேடையை 38.1-இல் வைத்திருக்கிறோம். பதிவேட்டில் ஏறுவது துளியின் எண்: 36.9, 37.1, 36.8. புதிதாக வருபவர்கள் திரையில் 38.1 பார்த்ததும் பதறிப்போய் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் தெர்மோகப்பிளை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.