பாராட்ரெக்கினா பெட்டியைப் பிரித்த கதை

ஊசியில் குத்திவைத்த எறும்புகள் நிறைந்த பழைய பெட்டி ஒன்றைப் புதிய வகைப்பாட்டுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஏறக்குறைய எல்லா லேபிள்களிலும் பாராட்ரெக்கினா என்ற எறும்புப் பேரினத்தின் பெயரே இருந்தது. எழுதிய காலத்தில் அது சரிதான். 2010-ல் லாபோலா, பிரேடி, ஷாட்டக் என்ற மூன்று எறும்பு ஆய்வாளர்கள் ஐந்து மரபணுக்களை ஒப்பிட்டு, அந்தப் பேரினத்துக்குள் மூன்று தனிக் கிளைகள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பெயர்கள் மாறின.

மூன்றில் எதற்குப் பழைய பெயர் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டேன். துணை இனங்களையும் சேர்த்து 133 பெயர்கள் நைலாண்டேரியா என்ற பேரினத்துக்குப் போயின, 28 பாராபாராட்ரெக்கினா என்ற பேரினத்துக்கு. பழைய பெயரோடு நின்றது லாங்கிகார்னிஸ் என்ற ஒரே ஒரு சிற்றினம்! பெயரிடல் விதியில் எண்ணிக்கைக்கு இடமில்லை. மாதிரிச் சிற்றினம், அதாவது பேரினப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் சிற்றினம், எந்தக் கிளையில் இருக்கிறதோ, பேரினப் பெயரும் அங்கேதான். 1863-ல் மோட்சுல்ஸ்கி இந்தப் பேரினத்தை அமைத்தது கர்ரென்ஸ் என்ற எறும்பை வைத்து. அது 1802-லேயே லாட்ரெய் என்பவர் ‘ஃபார்மிகா லாங்கிகார்னிஸ்’ என்று விவரித்திருந்த அதே எறும்பு. யாருடைய விருப்பத்துக்கும் வளையாத இந்த விதி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மற்ற இரண்டு பெயர்களும் புதிதாக வைத்தவை அல்ல. நைலாண்டேரியா 1906-ல் எமெரி வைத்த துணைப்பேரினப் பெயர். பாராபாராட்ரெக்கினா 1947-ல் டானிஸ்தோர்ப் வைத்தது. இரண்டும் இடையில் கைவிடப்பட்டுக் கிடந்தன.

சரி, நுண்ணோக்கி வேலை. லாங்கிகார்னிஸைப் பிரிப்பது எளிது: உணர்கொம்பின் முதல் கணு தலையைவிட மிக நீளம், அதில் நிமிர்ந்த மயிர் கிடையாது, நடுவுடலும் ஒல்லி. மற்ற இரண்டுதான் நேரத்தைத் தின்றன. தாடைப் பற்களை எண்ணலாம். நைலாண்டேரியாவில் பெரும்பாலும் ஆறு, பாராபாராட்ரெக்கினாவில் ஐந்து. ஆனால் காய்ந்த எறும்பு தாடையை இறுக மூடிக்கொண்டிருந்தால் எண்ணவே முடியாது. அப்போது நடுவுடலைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் பின்பகுதி மேட்டைப் பார்ப்பேன். அங்கே ஒரு ஜோடி நிமிர்ந்த மயிர் இருந்தால் பாராபாராட்ரெக்கினா. நைலாண்டேரியாவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒளியைச் சாய்வாக விட்டால்தான் மயிர் தெரியும். உதிர்ந்திருந்தால் அது நின்ற குழியைத் தேட வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாமல் உட்காரவே கூடாது.

பழைய லேபிள் எதையும் நான் எடுக்கவில்லை. புதியதை அதற்குக் கீழே அதே ஊசியில் குத்தி, தீர்மானித்த ஆண்டையும் எழுதினேன். முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் மாறாது. பேரினம் மாறியிருந்தால் அவை அடைப்புக்குறிக்குள் வரும், அவ்வளவே. அதனால் ஒரு பெயர் எங்கே போனது என்று தேடும்போது பேரினத்தை விட்டுவிட்டு, சிற்றினப் பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றையும் பிடித்துக்கொண்டு போவேன். எத்தனை முறை இடம் மாறியிருந்தாலும் அப்படித் தேடினால் சிக்கிவிடும்.

அப்புறம் ஒன்று: 2013-ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஸான்ஜென்ஸிஸ் என்ற சிற்றினமும் பாராட்ரெக்கினாவில் சேர்ந்தது. ஆகவே ஆப்பிரிக்க மாதிரி கையில் இருந்தால், நீண்ட உணர்கொம்பைப் பார்த்ததும் லாங்கிகார்னிஸ் என்று எழுதிவிட வேண்டாம்.